நடுவில் நாலு மணி நேரம்

செப்டம்பர் 6, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு டைம்ஷீட் நாள். குழுவில் பதினொரு பேர். திங்கள் முதல் வெள்ளி வரை எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் போனது என்று ஒவ்வொருவரும் எனக்கு மெயில் அனுப்ப வேண்டும். நான் அதைச் சிஸ்டத்தில் ஏற்ற வேண்டும். பத்துப் பேர் கடமைக்கு எட்டு, எட்டு, எட்டு என்று அடித்து அனுப்பிவிடுவார்கள். நல்லசிவம் மட்டும் கால் மணிக்கும் காரணம் எழுதுவான். "செவ்வாய், பன்னிரண்டரை மணி. இதில் இரண்டு மணி நேரம் கிளையன்ட் தந்த தவறான கோப்பைச் சரிசெய்வதில் போனது." இப்படி. படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஏற்ற முடியாது.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று பேசி எடுத்த வேலை இது. எட்டைத் தாண்டினால் திரையில் எங்கள் ப்ராஜெக்ட் சிவப்பாகிவிடும். சிவப்பானால் எங்கள் மேனேஜர் ஸ்ரீவத்சன் சார் மேலே பதில் சொல்ல வேண்டும். அவர் வந்து கேட்பது என்னைத்தான். அதனால் நான் சரிசெய்துவிடுகிறேன். சரிசெய்வது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பன்னிரண்டரை இருக்கும் இடத்தில் எட்டு. இரண்டரை வருடத்தில் எங்கள் ப்ராஜெக்ட் ஒரு வாரம்கூடச் சிவப்பானதில்லை. இன்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சார் அதைச் சொன்னார்.

வரும் வழியில் கணபதி பஸ் ஸ்டாப்பில் இறங்கி, நாளைய பூஜைக்குக் களிமண் பிள்ளையாரும் எருக்கம்பூ மாலையும் வாங்கினேன். மிக்ஸி ஜார் இன்னும் ரிப்பேர் கடையிலேயே கிடக்கிறது.

செப்டம்பர் 10, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகிறது. லாரிக்குச் சொல்லியிருக்கிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

டைம்ஷீட் அனுப்பிய கையோடு நல்லசிவம் என் மேசைக்கு வந்தான். கையில் இரண்டு டீ. ஒன்று எனக்கு. அவினாசிக்காரன், முப்பத்து மூன்று வயது. இந்த ஆபீசில் எனக்குத் தெரிந்து குரலை உயர்த்தாத ஒரே ஆள்.

"அக்கா, ஒன்னு கேக்கலாமுங்களா? சிஸ்டத்துல எம்பேருக்கு எட்டு எட்டுன்னே நிக்குதுங்களே. நான் அனுப்புனது வேறயாச்சே."

"எட்டுக்கு மேல போட்டா ஒத்துக்காது தம்பி."

"சிஸ்டமுங்களா, சாருங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நானும் சிரித்து வைத்தேன்.

பிப்ரவரியில் அவனோடு வேலை பார்த்த பெண் வேலையை விட்டுப் போனாள். அப்போதிலிருந்து இரண்டு பேர் வேலையை அவன் ஒருவனே பார்க்கிறான். "இன்னொரு ஆள் கேட்டிருக்கோம், வந்துட்டா உனக்குப் பாரம் கொறஞ்சிரும்" என்றேன். கேட்டது மார்ச்சில். எல்லாரும் எட்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்களே, இன்னொரு ஆள் எதற்கு என்று ஏப்ரலிலேயே மேலேயிருந்து பதில் வந்துவிட்டது. அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

"சரி விடுங்கக்கா. நான் இருந்தது எனக்குத் தெரியுமில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

செப்டம்பர் 18, புதன்

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு நல்லசிவம் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தான். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. செக்யூரிட்டியும் இன்னும் மூன்று பேரும் தூக்கிக் காரில் போட்டார்கள். மூளையில் இடதுபக்கம் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். காலையில் தலை வலிக்கிறது என்று யாரிடமோ சொன்னானாம்.

சோறு வடிக்கவில்லை. எல்லாருக்கும் தோசை.

செப்டம்பர் 19, வியாழன்

எங்கள் மென்பொருளின் ரிலீஸ் நல்லபடியாகப் போனது. கிளையன்ட் நன்றி சொல்லி மெயில் அனுப்பியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 23, திங்கள்

குழுவிலிருந்து நாலு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். வலது கையும் காலும் வேலை செய்யவில்லை. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறதாம், பதில் சொல்லத்தான் வராதாம்.

அவன் மனைவி கோகிலவாணியை இதற்கு முன் ஒரே ஒரு முறை, ஆபீஸ் ஆண்டுவிழாவில் பார்த்திருக்கிறேன். மெலிந்த பெண். நாலு வயதுப் பெண்குழந்தை இடுப்பில். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தமயந்தியக்கா தமயந்தியக்கான்னு ஓயாம உங்களப் பத்திப் பேசுவாருங்க" என்றாள்.

உள்ளே இருவர் இருவராக விட்டார்கள். நான் போகவில்லை. பழக்கூடையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வெளியில் இருக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 30, திங்கள்

நல்லசிவத்தின் அண்ணன் ஹெச்.ஆரில் ஒரு கடிதம் கேட்டிருக்கிறார். வேலைப்பளுவால்தான் இப்படி ஆனதா என்று டாக்டர் கேட்டாராம். எத்தனை மணி நேரம் வேலை பார்த்தான் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

ஸ்ரீவத்சன் சார் கூப்பிட்டார். "ஏப்ரல்லேர்ந்து அவரோட ஹவர்ஸ் ஹெச்.ஆருக்கு அனுப்பிடுங்க தமயந்தி. சிஸ்டத்துல என்ன இருக்கோ அதை அப்படியே. நீங்களா ஒண்ணும் சேர்க்க வேண்டாம்."

அனுப்பினேன். சராசரி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். எங்கள் ஆபீசில் உள்ளே வரும்போது விரல் வைத்தால் போதும், வெளியே போகும்போது வைக்க வேண்டியதில்லை. ஆகவே டைம்ஷீட்தான் ஒரே ஆதாரம். நான் எதையும் சேர்க்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுதபூஜை விடுமுறை என்பதால் ஆபீசில் இன்றே பூஜை போட்டோம். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன். நல்லசிவம் மேசை காலியாக இருந்தது. அதற்கும் வைத்தேன். பொரியும் கடலையும் மிஞ்சிவிட்டது, மகளுக்கு எடுத்துவந்தேன்.

அக்டோபர் 16, புதன்

மதியம் கோகிலவாணி போன் செய்தாள். ஆபீஸ் வாசலில் நிற்கிறேன், உள்ளே வர வேண்டாம் என்று தோன்றுகிறது, நீங்கள் வருகிறீர்களா என்றாள். எதிரே இருக்கும் பேக்கரியில் உட்கார்ந்தோம். குழந்தையைக் கூட்டி வரவில்லை. ஆர்டர் செய்த டீயைத் தொடவே இல்லை.

கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். ஹெச்.ஆர். கொடுத்த கடிதம்.

"இதுல ஒம்பதரைக்கு வந்து ஆறரைக்கெல்லாம் வேல முடிஞ்சிரும்னு எழுதியிருக்குதுங்க. சாப்பாட்டு நேரம் போக எட்டு மணி நேரமாம்."

"ம்."

"அவரு வீட்டுக்கு வர பத்தரை ஆகுமுங்க. சில நாளு பதினொன்னு. கேட்டா ஆபீஸ்ல வேலைன்னுதான் சொல்லுவாரு. நடுவுல நாலு மணி நேரம் எங்கீங்க்கா இருந்தாரு?"

நான் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க மாமாவும் அக்காவும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். மாமா என்றது நல்லசிவத்தின் அண்ணனை, அக்கா என்றது அவர் மனைவியை. அவர்கள் வீட்டில்தான் இப்போது நல்லசிவத்தை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். "அக்கா நேராவே கேட்டுட்டாங்க. ஆபீஸே எழுதிக் குடுத்துருச்சு, பொறவு இவன் எங்க போனான், உனக்கு ஒன்னும் தெரியாதான்னு. பாப்பா பொறந்தநாளைக்குக்கூட அவரு வரலீங்க. கேக்க வெட்டாம பதினொன்னு வரைக்கும் ஒக்காந்திருந்தோம். அவரு போன எடுத்து ஒவ்வொரு பேராத் தேடிப் பாத்துட்டேன். எனக்கே அசிங்கமா இருக்குது."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஆராவது இருந்தாங்களாக்கா? உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லீருங்க. நான் அழுவ மாட்டேன்."

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கடிதத்தை அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டாள்.

அக்டோபர் 17, வியாழன்

மகளுக்குக் கணக்குப் பரீட்சை. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். பக்கத்து வீட்டு மிக்ஸியில் சட்னி அரைத்து வாங்கினேன். வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

பேக்கரியில் நடந்ததை வீட்டுக்காரரிடம் சொன்னேன். பம்பு செட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பார்க்கிறார். இருபத்தாறு வருடம் ஒரே இடம். ஞாயிற்றுக்கிழமை காய் நறுக்குவது அவர் வேலை. நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"தெரியாதுன்னா சொன்ன?"

"ஆமா."

"தெரியுந்தான?"

நான் அரிசி களையத் திரும்பினேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு நான் விழுந்து, எனக்கும் பேச்சு நின்னுபோயி, எங்க கம்பெனில இவன் சாயங்காலமே போயிட்டான்னு எழுதிக் குடுத்தா, நீ ஆரப் போயிக் கேப்ப தமயந்தி?"

"நான் சொன்னா என் வேலை போயிருங்க. நாப்பத்து நாலு வயசுல எனக்கு ஆரு வேலை குடுப்பா? எனக்கு என்ன கோடிங்கா தெரியும்?"

அவர் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டார்.

மதியம் லேப்டாப்பைத் திறந்து, ஏப்ரலிலிருந்து நல்லசிவம் அனுப்பிய மெயில்களைப் படித்தேன். இருபத்து நாலு வெள்ளிக்கிழமைகள். எதையும் நான் அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்று தெரியவில்லை. ஜூன் இரண்டாவது வாரத்து மெயிலில் ஒரு வரி: "புதன், பதினாலு மணி நேரம். பாப்பாவின் பிறந்தநாள். சர்வர் நின்றுபோனதால் கிளம்ப முடியவில்லை."

கீழே என் பதில்: "பெற்றுக்கொண்டேன். நன்றி."

சிஸ்டத்தில் போய்ப் பார்த்தேன். அந்தப் புதன்கிழமைக்கும் எட்டுதான் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஸ்ரீவத்சன் சாரிடம் போனேன். நல்லசிவத்துக்குக் கொடுத்த கடிதத்தில் இருப்பது சரியில்லை, உண்மையான மணிக்கணக்கு என் மெயிலில் இருக்கிறது, வேறு கடிதம் கொடுத்துவிடலாம் என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தமயந்தி, நான் எப்பவாவது உங்களை மாத்தச் சொல்லி மெயில் போட்டிருக்கேனா?"

"இல்ல சார். வாயால..."

"சிஸ்டத்துல கடைசியா மாத்தினது யாருன்னு ஒவ்வொரு வரியிலயும் பேர் இருக்கும். உங்க பேர் மட்டும்தான் இருக்கு. நான் உங்களுக்காகத்தான் சொல்றேன். அந்தக் குடும்பத்துக்கு நம்மால ஆன உதவியைச் செய்யலாம். இது வேற விஷயம்."

வெளியே வந்தேன். டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. பலகாரம் செய்தேன், மகளுக்குச் சுடிதார், இவருக்கு வேட்டி. எல்லாம் வழக்கம்போல.

இன்று எங்கள் டெஸ்டர் பெனாசிர் போன் செய்தாள். தீபாவளி வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டாள். பேச்சுவாக்கில் சொன்னாள்: தீபாவளிக்கு முந்தின நாள் அவினாசி வீட்டில் சொந்தக்காரர்கள் முன்னால் ஏதோ பேச்சு வந்து, கோகிலவாணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு காங்கேயத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

நவம்பர் 3, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டேன். இவர் பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். காங்கேயத்தில் வீட்டைக் கண்டுபிடிக்கப் பத்து மணி ஆகிவிட்டது. கோகிலவாணி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அந்த நாலு மணி நேரமும் அவரு ஆபீஸ்லதான் இருந்தாரு கோகிலா. அவரு உண்மையான நேரத்ததான் எழுதி அனுப்புனாரு. நான் எல்லாத்தையும் எட்டுன்னு மாத்திப் போட்டேன். வேற எங்கயும் போகல. வேற ஆரும் இல்ல."

அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த மெயில்களைக் கொடுத்தேன். துவைக்கும் கல்லிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஈரக்கை பட்டு ஓரங்கள் நனைந்தன. ஜூன் மாதத்துத் தாள் வந்தபோது அதை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"ஏனுங்க அன்னிக்கு பேக்கரில சொல்லல?"

"பயந்துட்டேன்."

"அன்னியிலிருந்து நான் அவருக்கு ஒரு வாய் சோறு ஊட்டலீங்க. அக்காதான் ஊட்டுனாங்க. அவரு என்னையே பாப்பாரு. என்னாச்சுன்னு கேக்க அவருக்கு வாயில்ல. நான் மொகத்தத் திருப்பிக்குவேன். பதினெட்டு நாளுங்க."

அழமாட்டேன் என்று பேக்கரியில் சொன்னாள் அல்லவா, இப்போதும் அழவில்லை. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, குழந்தைக்குச் சட்டை போட்டு, பையை எடுத்தாள். "வாங்க. இத அங்க வந்து சொல்லுங்க" என்றாள்.

திருப்பூரில் பஸ் மாறி அவினாசிக்குப் போனோம்.

நல்லசிவம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலையில் முடி குட்டையாக முளைத்திருந்தது. அண்ணனும் அண்ணியும் நின்றார்கள். கோகிலவாணியிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னேன். நல்லசிவம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கோகிலவாணி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் அத்தோடு வந்திருக்கலாம். அவன் கண்ணை எடுக்கவில்லை.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி, யாரிடமோ தலைவலி என்று சொன்னான் என்று எழுதியிருக்கிறேன். என்னிடம்தான் சொன்னான். காலை பதினொரு மணிக்கு என் மேசைக்கு வந்தான். "அக்கா, தல வெடிக்கற மாதிரி இருக்குதுங்க, இப்படி வந்ததே இல்ல, நான் வீட்டுக்குப் போகட்டுங்களா" என்றான். நாளைக்கு ரிலீஸ், அதை விட்டுவிட்டு எப்படிப் போவாய், சாயங்காலம் போகலாம் என்று சொல்லி, என் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். சரிங்க்கா என்று வாங்கிக்கொண்டு போனான்.

அதையும் அந்த அறையில் சொன்னேன். சொல்லி முடித்ததும் நல்லசிவம் கண்ணை மூடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அண்ணன் என்னைப் பார்த்து, "நீங்க கெளம்புங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

நவம்பர் 8, வெள்ளி

டைம்ஷீட் நாள். காலையிலேயே பத்துப் பேருக்கும் மெயில் அனுப்பினேன்: உண்மையில் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்களோ அதை மட்டும் எழுதுங்கள், அப்படியே ஏற்றுகிறேன். மதியம் வரை யாரும் அனுப்பவில்லை. மூன்று மணிக்கு பெனாசிர் அனுப்பினாள். பதினொன்று, பத்து, பன்னிரண்டு, பத்தரை, பதினொன்று. அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தன. எதையும் மாற்றாமல் ஏற்றினேன். ஏப்ரலிலிருந்து நல்லசிவத்தின் நாட்களையும் திருத்தினேன். ஐந்தரை மணிக்குத் திரை முழுக்கச் சிவப்பு.

மெயில்கள் எல்லாவற்றையும் ஹெச்.ஆருக்கும், நிர்வாக இயக்குநருக்கும் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

நவம்பர் 12, செவ்வாய்

கூப்பிட்டார்கள். ஹெச்.ஆர்., ஸ்ரீவத்சன் சார், அறிமுகமில்லாத ஒரு வக்கீல். யார் மாற்றச் சொன்னது என்று கேட்டார்கள். மாற்றச் சொன்னது ஸ்ரீவத்சன் சார், மாற்றியது நான் என்றேன். சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றார் வக்கீல். இல்லை என்றேன். நான் மாற்றியதற்கு மட்டும் இருந்தது.

ராஜினாமா எழுதிக் கொடுத்தால் விசாரணை வேண்டாம் என்றார்கள். நல்லசிவத்தின் வீட்டுக்குச் சரியான கடிதம் போனால் எழுதித் தருகிறேன் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் அண்ணன் தொழிலாளர் துறைக்குப் போகப்போவதாகச் சொல்லியிருக்கிறார் போல. கடிதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள்.

பதினொரு வருடச் சாமான் ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. பெனாசிர் லிப்ட் வரைக்கும் தூக்கி வந்தாள்.

நவம்பர் 29, வெள்ளி

பதினேழு நாளாக இந்த டைரியைத் திறக்கவில்லை. இரண்டு இடத்தில் வேலை கேட்டிருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலை கிடைக்கலாம்.

மதியம் கோகிலவாணி போன் செய்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்பது இதுதான் முதல் முறை. கடிதம் வந்துவிட்டதாம். பதிவு செய்தவரின் பிழையால் முந்தைய கடிதத்தில் தவறு நேர்ந்துவிட்டது, சராசரியாக நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பணியில் இருந்தார் என்று எழுதியிருக்கிறார்களாம். பதிவு செய்தவரின் பிழை. அது பொய்யில்லை.

"மாமா கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு சத்தமாப் படிச்சாருங்க. அக்கா அழுதாங்க. எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க, அவருகிட்டயும் கேட்டாங்க. அவரு எடது கைய நீட்டி அந்தத் தாள வாங்கி நெஞ்சு மேல வெச்சுக்கிட்டாரு. அப்படியே தூங்கிட்டாருங்க."

பேச்சுப் பயிற்சிக்குப் போகிறார்களாம். இரண்டு எழுத்து வருகிறதாம். முழுதாக வர வருடக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம் என்றாள்.

"நான் ஒரு தடவ வந்து பாக்கட்டுமா கோகிலா?" என்று கேட்டேன்.



"வேண்டாங்க்கா. நீங்க வந்து சொன்னதுனாலதான் எனக்கு எங்க வீடு திரும்பக் கெடச்சுது. அத மறக்க மாட்டேன். அவரு தலவலின்னு வந்து நின்ன அந்தப் பதினோரு மணியையும் என்னால மறக்க முடியலீங்க. ரெண்டும் இருக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"சரிம்மா" என்றேன்.

அவள் உடனே போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் குழந்தை எதற்கோ அம்மா என்று கூப்பிட்டது. "வாரேன் இரு" என்று அதற்குச் சொல்லிவிட்டு, பிறகு வைத்தாள்.